கறுப்பு மாமாவின் ஊர்: சாவாலுந்தோவில் ஆறு நாள்

முதல் நாள்: பாடாங்

"நெய்வேலியில் பிறந்தவன் நிலக்கரி பார்க்கச் சுமத்ராவுக்குப் போகிறானாம்" என்று வழியனுப்ப வந்த தம்பி கேலி செய்தான். பதில் சொல்ல முடியவில்லை. அப்பா முப்பத்தோரு ஆண்டு சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து அவர் பகலில் தூங்கும்போது வீட்டில் தட்டு விழுந்தாலும் அம்மா எங்களை முறைப்பாள். இன்றும் எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும், பெயரை எழுதும் முன் தன் பணியாளர் எண்ணை எழுதப் பேனாவை எடுத்துவிடுவார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டது.

ஆனால் எங்கள் ஊர் நிலக்கரி பழுப்பு நிறம். ஈரம் காயாத கட்டையைப் போல இருக்கும். எங்கள் சுரங்கமும் வானம் பார்த்த பெரும் பள்ளம். கன்னங்கரேலென்ற கரியையும், குனிந்து நுழைகிற சுரங்கத்தையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் மேற்குச் சுமத்ரா. பாடாங்கிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் உள்ளே, மலைக்கு அந்தப்பக்கம் சாவாலுந்தோ என்றொரு சிறு ஊர் இருக்கிறது. ஒம்பிலின் நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே டச்சுக்காரர்கள் கட்டிய ஊர். 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாடாங்கில் பாதி நாள் மிச்சம் இருந்தது. ஆற்றோரப் பழைய நகரத்தில் முகம்மதன் பள்ளிவாசலைத் தேடிப் போனேன். இந்திய வணிகர்களின் வழிவந்தவர்கள் தொழும் பள்ளி இது. இங்கே ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் முதல் பிறையன்று 'செராக் கூலோ' நடக்கும். சர்க்கரை இறைத்தல் என்று பொருள். வண்ணத் துணிகளில் முடிந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கூரையிலிருந்து வீசுவார்கள். கீழே நிற்கிற கூட்டம் கை நீட்டிப் பிடிக்கும். யார் நினைவாக? நாகூர் சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக! நான் போனது விழா நாள் இல்லை. எங்கிருந்து வருகிறேன் என்று வாசலில் இருந்த பெரியவர் கேட்டார். வரைபடத்தில் நெய்வேலியைக் காட்டிவிட்டு, விரலைக் கொஞ்சம் தெற்கே இழுத்து நாகூரில் வைத்தேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இரண்டாம் நாள்: வாணலிக்குள்

வீட்டு வாசலில் ஏற்றி, போகிற இடத்து வாசலில் இறக்கிவிடும் வேனுக்கு இங்கே 'டிராவல்' என்று பெயர். எட்டு மணி என்றார்கள், ஒன்பதரைக்கு வந்தது. பாடாங்கை விட்டதும் சித்திஞ்சாவ் லாவுயிக் ஏற்றம். கடலை எட்டிப் பார்க்கிற இடம் என்று பொருள். எட்டிப் பார்க்கத் தைரியம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகள் மூச்சு வாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் உள்ளூர் இளைஞர்கள் நின்று கையசைத்து வண்டிகளை விடுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமலே ஜன்னல் வழியாகச் சில்லறை நோட்டுகளை அவர்கள் கையில் திணித்தபடி போனார். எங்கள் உயிர் அந்தக் கையசைப்பில் இருந்ததால் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சோலோக் வந்ததும் நெல் வயல்கள். இந்த ஊர் அரிசிக்கு மேற்குச் சுமத்ரா முழுக்கப் பெயர். பிறகு ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், நாலாபுறமும் குன்றுகள் நிற்க, அடியில் ஓட்டுக் கூரைகள். 'கோத்தா குவாலி' என்று உள்ளூர்க்காரர்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். குவாலி என்றால் வாணலி. வேனிலிருந்து இறங்கி முதுகுப்பையை மாட்டும்போது நீளமாக ஒரு சங்கு ஊதியது. மணி ஒன்று. மலைகள் அந்த ஓசையை வெளியே விடாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. கரி கொட்டிவைக்கும் மூன்று பெரிய சிலோ கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன; சங்கு அங்கிருந்துதான். கரியும் ஷிப்டும் போய்விட்டன. சங்கை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை போலும்.

சாவா என்றால் நஞ்சை வயல், லுந்தோ ஆற்றின் பெயர். லுந்தோக்கரை வயல் என்று சொல்லலாம். ஊருக்குள் இப்போது வயல் இல்லை. வயலைத் தின்றது எது என்பதை இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

1868 வாக்கில் வில்லெம் ஹென்ட்ரிக் டி கிரேவ் என்ற இளம் சுரங்கப் பொறியாளர் ஒம்பிலின் ஆற்றுப் பகுதியில் நிலக்கரியைக் கண்டறிந்தார். சுமார் 20 கோடி டன் இருக்கும் என்று கணக்குச் சொன்னார். மறு ஆண்டே சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் கிழக்கே குவியத் தொடங்கின. உள்ளூரிலேயே கரி கிடைத்தால் இங்கிலாந்திலிருந்து சுமந்து வர வேண்டாம். இருந்தும் முதல் கரி வெளியே வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. காரணம் எளிது. கரி மலைக்குள், கடல் மலைக்கு அப்பால். மேற்கே புக்கிட் பாரிசான் மலைத்தொடரைக் கடந்து பாடாங்குக்கு ரயில் போடுவதா, கிழக்கே குவாந்தான் ஆற்றோடு போய்க் கடலைத் தொடுவதா என்று வாதம் நடந்தது. டி கிரேவுக்கு ஆற்றுவழியில் நாட்டம். அதைச் சோதித்துப் பார்க்கப் போனவர் 1872இல் அந்த ஆற்றிலேயே மூழ்கி இறந்தார்.

கடைசியில் மலைவழிதான் வென்றது. பொறியாளர் க்ளூய்செனார் திட்டம் வகுக்க, ஐசர்மான் பொறுப்பில் ரயில் பாதை எழுந்தது. ஏற்றமான இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, அதே சங்கதிதான். கடற்கரையில் அரசி எம்மாவின் பெயரில் எம்மாஹாவன் துறைமுகம் கட்டினார்கள். 1892இல் சுங்கை டூரியான் சுரங்கம் கரி தந்தது. 1894இல் 800 மீட்டருக்குச் சற்று மேலான ஒரு மலைக்குடைவு வழியாக ரயில் ஊருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மொத்தப் பாதை 155 கிலோமீட்டர். 1888 டிசம்பர் 1ஐ ஊர் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. பிறந்த தேதி துல்லியமாகத் தெரிந்த ஊர்கள் பெரும்பாலும் யாரோ தேவைக்குப் பெற்றவை.

மூன்றாம் நாள்: சூரோ தாத்தா

இன்று சுரங்கத்துக்குள் போனேன். துணைக்கு வந்தவர் அறுபதைத் தாண்டியவர், பழைய சுரங்கத் தொழிலாளி. நடுவில் எட்டு ஆண்டு மலேசியாவில் வேலை பார்த்ததால் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் வருகிறது. நான் அவரைப் 'பாக்' என்றேன், மரியாதைக்குரியவர் எல்லோரும் இங்கே அப்பாதான். அவர் என்னை 'மாஸ்' என்றார். அது ஜாவாக்காரர்கள் அண்ணன் தம்பியை அழைக்கும் சொல். இந்த மண்ணின் மினாங்கபாவ் மக்கள் 'உடா' என்பார்கள். இவர் ஏன் 'மாஸ்' என்கிறார் என்பது பிற்பாடு விளங்கியது.

சுரங்கத்தின் பெயர் லுபாங் எம்பா சூரோ. லுபாங் குழி, எம்பா ஜாவா மொழியில் தாத்தா. சூரோ தாத்தா இங்கே 'மண்டோர்' ஆக இருந்தவர். மண்டோரைத் தமிழில் சொல்ல நான் அகராதி புரட்ட வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டத்திலும் மலாயாத் தோட்டத்திலும் நம் ஆட்கள் முதுகில் உணர்ந்த சொல் உண்டு: கங்காணி. ஆனால் சூரோ தாத்தாவைத் திட்டுபவர் யாருமில்லை. மந்திர சக்தி உள்ளவர், ஆட்களுக்குப் பரிந்து நின்றவர் என்று கதை சொல்கிறார்கள். கங்காணியின் பெயர் சுரங்கத்துக்கே நிலைத்திருப்பது எனக்கு வியப்புதான்.

தலைக்கவசம், ரப்பர் பூட்ஸ். படி இறங்க இறங்க வெயில் பின்னால் நின்றுவிட்டது. சுவரில் நீர் கசிந்து ஓடுகிறது. 1898இல் திறந்த இந்தச் சுரங்கத்தை 1930களில் மூட வைத்ததும் இந்த நீர்தான். 2007இல் தூர்வாரிச் சீர்செய்து 186 மீட்டர் தூரத்தை மக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். தூர்வாரும்போது எலும்புகள் வந்தன என்று பாக் சொன்னார், சந்தை விலை சொல்கிற குரலில்.

சிமெண்ட் பூசாத ஓரிடத்தில் விளக்கை நெருக்கிக் காட்டினார். கரி. நான் நினைத்ததுபோல் அது மங்கலாக இல்லை, உடைந்த கண்ணாடியின் விளிம்பைப் போல மின்னியது. விரலால் தடவினேன், ஒட்டவில்லை. அட, சுத்தமாக இருக்கிறதே என்று ஈரச் சுவரில் கையூன்றி எடுத்தேன். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. ரேகைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்ததில் உத்தரத்தில் தலை இடித்தது. கவசம் இல்லாவிட்டால் இந்தப் பதிவு இருந்திருக்காது. "எல்லோரும் இந்த இடத்தில் இடிப்பார்கள்" என்றார் பாக். பிறகு, "அவர்களுக்குக் கவசம் கிடையாது" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் என்றால் 'ஓராங் ரந்தாய்'. சங்கிலி மனிதர்கள்.

மினாங்கபாவ் மக்களுக்கு நிலம் இருந்தது, நெல் இருந்தது. குழிக்குள் இறங்க அவர்கள் வரவில்லை. ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரச் செலவு அதிகம். சுரங்கம் அரசுடையது, சிறைகளும் அரசுடையவை. கணக்கு ஒரு வரியில் முடிந்தது. ஜாவா, மதுரா, பாலி, சுலாவேசி என்று தீவுக்கூட்டம் முழுவதிலுமிருந்து கைதிகளைக் கப்பலில் ஏற்றி, விலங்கோடு இங்கே இறக்கினார்கள். கொலை செய்தவனும் இருந்தான், வரி கட்டாதவனும் இருந்தான், அரசை எதிர்த்துப் பேசியவனும் இருந்தான். குழிக்குள் வேறுபாடு இல்லை. ஒப்பந்தக் கூலிகளும் பின்னர் வந்தார்கள். ஆனாலும் இந்த ஊரின் முதல் கரியைச் சுமந்தவர்கள் இவர்கள்.

வெளியே வந்ததும் காட்சிக்கூடத்தில் ஒரு கால்விலங்கு. சுற்றியிருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். வளையத்தின் வெளிப்பக்கம் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கிறது. உட்பக்கம் மட்டும் பழைய பித்தளைச் செம்பின் விளிம்பு போல வழவழவென்று தேய்ந்திருக்கிறது.

ஜாவாவில் பிறந்த தாத்தா எந்த ஊர்க்காரர் என்று பாக்கின் வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தாவே சொன்னதில்லையாம். பேரனுக்கு மிஞ்சியது 'மாஸ்' என்ற விளி. இன்னொன்றும் மிஞ்சியது. தங்சி என்று இங்கே சொல்லும் கூலி லயன்களில் ஜாவா, மினாங், சுண்டா, பாத்தாக், சீனம், டச்சு எல்லாம் பிசைந்து ஒரு பேச்சு உருவானது. தான்சி மொழி என்கிறார்கள். தேநீர்க் கடையில் பாக்கும் அவர் நண்பரும் அதில்தான் சண்டை போட்டார்கள். வைதது மட்டும் எனக்குப் புரிந்தது; வசவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

நான்காம் நாள்: நாலு டன் சோறு

காலையில் கூடாங் ரான்சும். உணவுக் கிடங்கு என்று பெயர், உண்மையில் சமையற்கூடம். 1918இல் கட்டியது. சுரங்கத் தொழிலாளர்கள், கைதிகள், மருத்துவமனை நோயாளிகள் எல்லோருக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு. நாளொன்றுக்கு 65 பிக்குல் அரிசி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிக்குல் என்பது ஓர் ஆள் தோளில் சுமக்கும் பாரம், ஏறக்குறைய 60 கிலோ. பெருக்கினால் கிட்டத்தட்ட நாலு டன்.

அண்டாக்களைப் பார்த்ததும் எனக்குக் கோயில் மடப்பள்ளி நினைவு வந்தது. ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம். அடியில் விறகு கிடையாது. பக்கத்துக் கொதிகலனிலிருந்து தரைக்கடியில் நீராவி வந்து வேக வைத்தது. பிசுக்கு ஏறிய இரும்புத் துடுப்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா பொங்கல் கிண்டும் கரண்டியை நாலு மடங்கு நீட்டிப் பாருங்கள். சோறு பொங்கிய இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2005 முதல் இது அருங்காட்சியகம்.

மாலையில் பெரிய பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் மினார் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். கிட்டப் போனால் காரணம் புரியும்: அது புகைபோக்கி. 1894இல் கட்டிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. மின் நிலையம் வேறிடம் போனபிறகு, விடுதலைப் போர்க் காலத்தில் இதன் நிலவறையில் ஆயுதம் செய்தார்கள். 1952இல் மின் நிலையத்தின் அடித்தளத்தின் மேலேயே பள்ளிவாசல் எழுந்தது. புகைபோக்கியின் உச்சியில் ஒரு கும்பம் வைத்தார்கள், அவ்வளவுதான். மஃரிப் பாங்கு அந்த உயரத்திலிருந்து இறங்கியது. இந்த ஊர்க்காரர்கள் எதையும் இடிப்பதில்லை, சிக்கனமான குடும்பத்தில் அண்ணன் சட்டையைத் தம்பிக்கு வெட்டித் தைப்பதுபோல மாற்றிக்கொள்கிறார்கள்.

ரயில் நிலையமும் அப்படித்தான், அருங்காட்சியகமாகிவிட்டது. உள்ளே 'மாக் இத்தாம்' நிற்கிறது. நீராவி எஞ்சின், ஜெர்மனியின் எஸ்லிங்கன் ஆலையில் 1966இல் செய்தது. இத்தாம் என்றால் கறுப்பு. மாக் என்பது மாமாக் என்பதன் சுருக்கம். மினாங்கபாவ் மக்கள் தாய்வழிச் சமூகம். வீடும் வயலும் மகளுக்குப் போகும், குடும்பத்தில் சொல் செல்லுபடியாவது தாய்மாமனுக்கு. அந்த மாமன்தான் மாமாக். கறுப்பு மாமா! மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை மாமாக் என்று அழைப்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டா என்று மொழியறிஞர்கள் தீர்க்கட்டும். நான் எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, "வருகிறேன் மாமா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள்: குளமும் கல்லும்

காலையில் கண்டி. இலங்கைக் கண்டி இல்லை, ஊருக்கு வெளியே உள்ள பழைய திறந்தவெளிச் சுரங்கம். பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. படகு, மிருகக்காட்சி சாலை, பலூன் விற்பவர். 1930இல் இந்த ஊரின் மக்கள்தொகை 43,000க்கு மேல். கரி குறையக் குறைய ஆட்களும் போனார்கள். 2000 வாக்கில் பெரிய சுரங்க வேலை ஓய்ந்தபோது, ஊரே காலியாகிவிடும் என்று பேசிக்கொண்டார்களாம். 2001இல் நகர மன்றம் இதைச் சுரங்கச் சுற்றுலா ஊராக்குவது என்று தீர்மானம் போட்டது. சுரங்கத்தை நம்பிய ஊர்கள் பல அழிந்து போயிருக்கின்றன. இது பிழைத்துக்கொண்டது.

ஆனால் கரி முழுதாக விட்டுப் போகவில்லை. சுற்றுப்புற மலைகளில் சிறு சுரங்கங்கள் இன்னும் இருக்கின்றன. 2009 ஜூனில் மீத்தேன் வாயு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் மறுபடி ஒரு வெடிப்பு, பத்துப் பேர். பாக் இதைச் சொல்லும்போது சந்தை விலைக் குரல் இல்லை. பக்கத்துச் சிலுங்காங்கில் 1927 புத்தாண்டு இரவில் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்ததையும், சுரங்க ஆட்கள் சிலர் அதில் சேர்ந்திருந்ததையும் அதற்கு முன்பு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். இந்த இரண்டு வெடிப்புகளுக்குப் பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

பிற்பகல் அவர் தானாகவே வண்டியைத் திருப்பினார். மேட்டில் புல் மண்டிய கல்லறைகள். சங்கிலி மனிதர்களுடையவை. நிறைய இல்லை, எஞ்சியவை இவை. கற்களில் பெயர் கிடையாது, எண்தான். டி கிரேவின் பெயர் எனக்குத் தெரியும், ஐசர்மான் பெயர் தெரியும், புகைபோக்கி கட்டிய ஆண்டு தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை பிக்குல் அரிசி என்பதுகூடத் தெரியும்.

பாக் கையோடு கொண்டுவந்த சிறு அரிவாளால் புல்லை ஒதுக்கினார். ஒரு கல்லில் ஈரப் பாசியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். ஒரு இலக்கம் எழுந்தது, அடுத்தது பாதி. அதற்கடுத்ததில் கல்லே உதிர்ந்துபோயிருக்கிறது. "உங்கள் தாத்தா இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவர் விடுதலையாகி இங்கேயே கல்யாணம் செய்தவர், ஊர் மயானத்தில் பெயரோடு இருக்கிறார்" என்றார். அதில் ஒரு பெருமை தெரிந்தது. பிறகு அடுத்த கல்லின் புல்லை ஒதுக்கப் போய்விட்டார்.

ஆறாம் நாள்: தெலுக் பாயூர்

திரும்பும் வழியில் பழைய எம்மாஹாவன், இப்போது தெலுக் பாயூர் துறைமுகம். ஒம்பிலின் கரி கப்பலேறிய இடம். வேலிக்கு வெளியேதான் நிற்க முடிந்தது, வெயில் கொளுத்தியது, ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

விடுதியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். சுரங்கத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே காற்று எப்படி?" குழாய் போட்டு விடுகிறார்கள், மூச்சு முட்டவில்லை என்றேன். தலை இடித்ததைச் சொன்னதும் சிரித்தார். கல்லறைகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அம்மா தொலைக்காட்சி பார்ப்பது கேட்டது.

"எண்ணாவது சரியாகத் தெரிகிறதா?" என்றார்.

"ஒன்றிரண்டில் தெரிகிறது."

"குறித்துக்கொண்டாயா?"

இல்லை என்றேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.